ஒத்தும் மின்சாரமும்

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவருக்கு 1936-இல் கோயில் எழுப்பியவர், ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்னும் நாமம் பூண்டு சைவத்தைத் தழுவிய அம்மையார் என்பதை அறிந்தவர்கள், அந்நியர் நம் தெய்வத்தை நாடி வருவதில் விபரீதம் எதுவும் காணமாட்டார்கள். அவர்கள் தங்கள் வாத்தியத்தோடு, அதிலும் மின்சார வாத்தியத்தோடு வந்துவிட்டால்தான், அந்த நாதமும் உபாசனையாகுமா என்ற சந்தேகம் நமக்கு எழுகிறது.

ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967-இல் மறைந்தபின் துயரத்தில் ஆழ்ந்திருந்த அவர் மனைவி ஆலிஸுக்குக் குருவாக வாய்த்தவர், பழனிக்குக் காவடி எடுக்கும் கொங்கு நாட்டில், செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். அவர் பெயரால் 1971-இல் ஆலிஸ் வெளியிட்ட இசைத்தட்டில், ஹார்ப்பின் நரம்புகளுக்கும் சாக்ஸபோனுக்கும் அடியில் தம்புரா இடையறாது மீட்டப்படுகிறது. பின்னர் துரியசங்கீதானந்தா என்னும் தீட்சா நாமத்தோடு, 1982 முதல், பெரும்பாலும் அடியார் வட்டத்திற்கென்றே அவர் வெளியிட்ட ஒலிநாடாக்களில் பஜனையின் நாமாவளிக்குச் சின்தசைசர் துணை வருகிறது. அதன் ஸ்வரம் படியேறாமல், பாதாளத்திலிருந்து வழுக்கிக்கொண்டே எழும்பி, பாடும் குரலை வந்து தழுவுகிறது.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் நம் கோயில் மேளத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். ஒத்துக்காரர் கன்னம் உப்ப, மூச்சு அறாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில், இன்று பல சந்நிதிகளில் மின்சாரச் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அது களைப்பதில்லை, வெற்றிலையும் கேட்பதில்லை. ஒத்துக்காரரின் தவம் போயிற்றே என்று நான் வருந்துவதுண்டு. எனினும் அதனால் பூஜை கெட்டதென்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. 36 தத்துவங்களுள் முதலாவதான நாதமே சுத்த மாயையின் காரியம், ஆகவே சடம் என்று கொள்ளும் சைவ சித்தாந்தி, வீணையின் தந்திக்குப் புனிதமும் மின்கம்பிக்கு இழிவும் எந்த நியாயத்தைக் கொண்டு கற்பிப்பார்?

என் மனம் ஒப்பாதது வேறொன்று: ஓங்காரத்தையும் கோயில் மணியோசையையும் தாளிதம்போல் தூவி, ஓய்வு தேடுவோரின் நரம்புகளைத் தளர்த்துவதற்கென்றே தயாரிக்கப்படும் ஒலி. அது யாரையும் அழைப்பதில்லை. சொல் இல்லாத ராக ஆலாபனை மட்டும் அழைக்கிறதா என்று கேட்கலாம். நாதஸ்வரக்காரர் உற்சவரை நோக்கி நின்று வாசிக்கிறார் என்பதே அதற்கு விடை.

ஆலிஸ் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், அவர் மகன் ரவி அந்த 1982-ஆம் ஆண்டு நாடாவின் பாடல்களைச் சின்தசைசரும் தந்தி வாத்தியங்களும் இன்றி, தாயின் குரலும் ஆர்கனும் மட்டுமே ஒலிக்குமாறு வெளியிட்டார். மின்சாரம் ஒழிந்தது என்று ஆசாரவாதிகள் மகிழ இடமில்லை. அந்த ஆர்கனும் மின்சார ஆர்கன்தான்.