இல்லாமை ஓர் இனமாகுமா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் விலங்குகளை வகைப்படுத்தும் பாடம் வரும்போது மாணவர்கள் தாளின் நடுவே ஒரு கோடு போடுகிறார்கள். பூனை, காகம், தவளை, பாம்பு, மீன் எல்லாம் முதுகெலும்புள்ளவை என்று இடப்பக்கம் போகும். மண்புழு, நத்தை, நண்டு, வெட்டுக்கிளி முதுகெலும்பற்றவை என்று வலப்பக்கம் போகும். சரியான பக்கத்தில் எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தக் கோடு இயற்கை போட்டதா, மனிதன் போட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பார்வைக்குச் சிறிய பாடம்தான். ஆனால் பொருள்களில் உள்ள ஒற்றுமை பொருள்களிலேயே இருக்கிறதா, நம் எண்ணத்தில் மட்டும் இருக்கிறதா என்று இந்திய மெய்யியலாளர் பல நூற்றாண்டு வாதிட்ட கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புள்ளவை இயற்கையில் உள்ள ஓர் இனம். முதுகெலும்பற்றவை இனமே அல்ல. இரண்டையும் சமமான இரு இனங்களாகப் பிள்ளைகள் மனத்தில் பதிப்பது அறிவுக்கும் பொருந்தாது, அருளுக்கும் பொருந்தாது.

சான்றுக்கு ஜொகூரின் கரைகளே போதும். புலாய் ஆற்று முகத்துவாரத்தின் கடற்புல் திட்டுகளில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. செதில் இல்லை, நிமிர்ந்து நீந்தும், வாலால் புல்லைப் பற்றிக்கொள்ளும். ஆனாலும் அது மீன், முதுகெலும்புள்ளது. கோத்தா திங்கி உணவகங்களில் பெயர்பெற்ற பெலாங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, இரும்புத் தொப்பி போன்ற ஓட்டைச் சுமந்து திரியும். உள்ளே ஓர் எலும்பும் கிடையாது. பெயரில் நண்டு இருந்தாலும் அது சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் இரத்தம் செம்பு கலந்து நீலமாக இருக்கும். ஊசிமருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க, குதிரைலாட நண்டுகளின் இரத்த அணுக்களிலிருந்து எடுத்த பொருளைத்தான் மருந்துலகம் பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறது. இந்தப் பெலாங்காஸையும் மண்புழுவையும் நட்சத்திரமீனையும் ஒரே நிரலில் எழுதுகிறோம். கருவளர்ச்சியையும் மரபணுவையும் வைத்துப் பார்த்தால் நட்சத்திரமீன் மண்புழுவைவிட மனிதனுக்கே நெருக்கமானது. அப்படியானால் வலப்பக்க நிரலைப் பிணைத்திருப்பது உறவு அல்ல. நம்மிடம் உள்ள ஒன்று அவற்றிடம் இல்லை என்பது மட்டுமே.

இந்த நிரலுக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லமார்க். 1793-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளையும் புழுக்களையும் கவனிக்கும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது; 1801-இல் முதுகெலும்பில்லாத விலங்குகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்தப் பெரும் தொகுதியை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அதைப் பல வகுப்புகளாக உடைத்துப் பிரிப்பதிலேயே எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பெயர் சூட்டியவருக்கே அது ஒரு தொடக்க ஏற்பாடுதான்.

இங்கே இந்திய மெய்யியலின் நியாய மரபினர் ஒரு வலுவான தடை எழுப்பக்கூடும். இல்லாமையும் உண்மைப் பொருளே, அபாவம் எனப்படும் அது தனிப் பதார்த்தம், அதாவது தனிப் பொருள்வகை, நத்தைக்கு முதுகெலும்பு இல்லை என்பது கண்கூடான உண்மை, பிறகு அந்த வகுப்பு எப்படிப் பொய்யாகும் என்பார்கள். இல்லாமை உண்மை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தரையிலும் பானை இல்லை, கூரையிலும் பானை இல்லை என்பதால் தரையும் கூரையும் ஒரே இனமாகிவிடுவதில்லை. இதற்கு விடையை அதே மரபிலிருந்தே எடுக்கலாம். பத்தாம் நூற்றாண்டின் உதயணர் உள்ளிட்ட நியாய அறிஞர்கள் எல்லாப் பொதுத்தன்மையையும் இயல்பான ஜாதியாக ஏற்கவில்லை. நம் வசதிக்காக ஏற்றிச் சொல்லும் பொதுமையை உபாதி என்று தள்ளி வைத்தார்கள். முதுகெலும்பு உடைமை ஒரே மூதாதையிடமிருந்து இறங்கி வந்தது, ஆகவே அது ஜாதி. அது இல்லாமை உபாதி. பள்ளிப் பாடம் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறது.

வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எதை ‘இல்லாதது’ என்று மட்டும் அறிகிறோமோ, அதைக் குறையுள்ளது என்றும் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஓர் எடுத்துக்காட்டு: ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் உள்ள மாமோர் தோட்டத்தில் 1981 பிப்ரவரியில், செம்பனைக்கு மகரந்தம் சேர்க்க ஒரு வகைக் கூன்வண்டை விட்டார்கள். கேமரூனிலிருந்து வந்த அது சில மில்லிமீட்டர் நீளம்தான். அதுவரை மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். வண்டு பரவியதும் அந்த வேலையே தேவையற்றுப்போனது. அத்தனை தொழிலாளர்களின் வேலையைச் செய்துகாட்டிய உயிரைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதக் கற்பது, அதற்கு முதுகெலும்பு இல்லை என்பதைத்தான். கொல்லாமையையும் உயிரிரக்கத்தையும் போற்றும் சமயங்களில் வளர்ந்த நமக்கு இது சிறிய குறை அல்ல. வள்ளலார் சொன்ன சீவகாருணியம் உயிர் படும் துன்பத்தைப் பார்த்தது, எலும்பைப் பார்க்கவில்லை. பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு உணர்வுடைமைச் சட்டமும் நண்டு, இறால், கணவாய் முதலியவற்றை உணர்வுள்ள உயிர்களாக ஏற்று அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

தமிழில் வேறொரு வகைப்பாடு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவுகளை எண்ணி ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. நத்தை போன்றவற்றுக்கு ஈரறிவு, எறும்புக்கும் கறையானுக்கும் மூவறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. இன்றைய கணக்கில் இவை அனைத்தும் முதுகெலும்பற்றவை. விலங்குகள் ஐந்தறிவில்தான் வருகின்றன. கோடு ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது, அடிப்படை மட்டும் நேர்மாறானது. ஒவ்வோர் உயிருக்கும் எது வாய்த்திருக்கிறது என்று எண்ணிய வகைப்பாடு அது. அதுவும் மனிதனை உச்சியில் வைக்கும் ஏணிதானே என்றால், ஆம், அந்தக் குறை அதற்கு உண்டு. அறிவுக் கணக்கும் இன்றைய உயிரியலுக்குப் பொருந்தாது; கண்ணறிவு சேராத மூவறிவில் அது வைத்த எறும்புக்கும் கண் உண்டு. அறிவியல் பாடத்தின் இடத்தில் அதை வைக்கச் சொல்லவில்லை. உடைமையைக் கொண்டு உயிரை அறியும் அந்த நோக்கு நமக்கு வேண்டும் என்கிறேன்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நுட்பம் தாங்குமா, எளிமைதானே தேவை என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. எளிய கோடு இருக்கட்டும். முதுகைத் தடவி எலும்பைத் தொட்டறிவது பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். தேர்விலும் அது கேட்கப்படும். அதோடு ஒன்றே ஒன்று சேருங்கள். வலப்பக்கம் ஒவ்வோர் உயிரின் பெயருக்கும் அருகில், அதற்கு எது உண்டு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெலாங்காஸுக்கு மேலோடும் நீல இரத்தமும், நட்சத்திரமீனுக்குக் குழாய்க்கால்கள், மண்புழுவுக்கு உடல் வளையங்கள், கூன்வண்டுக்கு ஆறு கால்களும் நீண்ட மூக்கும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ அமைச்சின் அனுமதியோ தேவையில்லை, அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம்.