மாதிரித் தாளும் மெய்ப் பரீட்சையும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பரீட்சைத் திணைக்களம் ஓர் அறிவித்தலை விடுக்கும். குறித்த நாள் நள்ளிரவு முதல் பிரத்தியேக வகுப்புகள் நடத்துவதும் மாதிரி வினாத்தாள்களை அச்சிட்டு விநியோகிப்பதும் தடை. பதுளையிலும் பசறையிலும் சுவர்களை நிறைத்திருக்கும் ‘பேப்பர் கிளாஸ்’ சுவரொட்டிகள் அன்றோடு அர்த்தமிழந்து விடும். ஒத்திகைக்கும் மெய்யான நாளுக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு அது. கோட்டுக்கு அப்பால் என்னதான் மாறிவிடுகிறது? கேள்விகளின் தரம் ஏறத்தாழ ஒன்றுதான். நேரமும் அதே நேரந்தான்.

பயம் என்பார்கள் நமது ஆசிரியர்கள். இருக்கலாம், ஆனால் பயம் எதிலிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதிரித் தாளில் பிள்ளை பிழைவிட்டால் ரீச்சர் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுதித் தருவார். அங்கே பிழைக்கும் ஒரு பயன் உண்டு. மெய்ப் பரீட்சையில் விட்ட பிழையைப் பிள்ளை பிறகு காண்பதேயில்லை; எழுதிய தாள் கைக்குத் திரும்பி வராது. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். புலமைப்பரிசிலுக்கு ஒரே தடவை, அதுவும் பத்து வயதில். (பத்து வயதில் இப்படியொரு பரீட்சை வேண்டுமா என்றால் வேண்டாம் என்பதே என் கட்சி, அது வேறு கட்டுரைக்குரியது.) திருப்பி எடுக்க முடியாமைதான் அந்த நாளின் இயல்பு. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய எதுவும் அதற்கு ஒத்திகையாவதில்லை. நூறு மாதிரித் தாள் செய்த பிள்ளையும் அந்த நாளுக்குப் புதிதாகவே போகிறது.

போவது என்றேனே, அதுவே ஒரு பாடம். மாதிரிப் பரீட்சை தன் வகுப்பறையில், பழகிய மேசையில் நடக்கிறது. மெய்ப் பரீட்சைக்குத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பலர் வேறொரு பாடசாலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்றால் மலைப் பாதையில் பஸ்ஸை நம்ப முடியாது. முச்சக்கர வண்டிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வாசலோடு தாய் நின்றுவிடுவாள். உள்ளே பெயரில்லை, நெஞ்சில் குத்திய சுட்டெண் மட்டுந்தான்.

வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்று என்பதால் பரீட்சையும் சமம் என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு வாரமளவே இருந்தது. 2025 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கையில் டித்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டமெங்கும் மண்சரிவு, பாதைகள் துண்டிக்கப்பட்டன. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. பாதி எழுதிவிட்டு வீடிழந்தவனும் பாதி எழுதிவிட்டு வீட்டிலிருந்து படித்தவனும் ஒரே தாளுக்கு வந்து அமர்ந்தார்கள். பதுளை பின்தங்கிய மாவட்டம் என்பதைப் பல்கலைக்கழக அனுமதி ஒப்புக்கொள்கிறது, அதற்கென ஒரு பங்கை ஒதுக்கியும் இருக்கிறது. மாவட்டத்துக்குக் கணக்கு உண்டு. ஒருவனுக்கு வாய்த்த நாளுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முடியாதென்றால், அந்தப் புள்ளியை வைத்து ஒரு பிள்ளையின் திறமையை அறுதியிட்டுச் சொல்லும் துணிவையாவது நாம் சற்றுக் குறைத்துக்கொள்ளலாமே!

நாளைக் கெடுப்பது மழை மட்டுமல்ல. 2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் கேள்விகள் சில முன்கூட்டியே கசிந்தன. யார் கையில் அவை சேர்ந்தனவோ, அவர்களுக்கு அன்று மெய்ப் பரீட்சையே மாதிரிப் பரீட்சையாகிவிட்டது. மூன்று கேள்விகளுக்குச் சகலருக்கும் முழுப்புள்ளி வழங்கத் திணைக்களம் தீர்மானித்தது; அத்தீர்மானம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் டிசம்பர் 31 ஆம் திகதி தீர்ப்பளித்தது. மறுபடி நடத்தினால் குற்றமற்ற மூன்று இலட்சம் குழந்தைகளுக்குத் தண்டனை. புள்ளியைப் பகிர்ந்தளித்தால் தெரிந்து எழுதியவருக்கும் தெரியாமல் விட்டவருக்கும் ஒரே கூலி. நடந்து முடிந்த ஒரு நாளைப் பழுதுபார்க்க எவரிடமும் கருவியில்லை.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்த மூன்று கேள்விகளுக்கும் தானாகவே விடை கண்ட பிள்ளை ஒன்று இருந்திருக்கும். அந்த விடையையும் கசிவில் கிடைத்த விடையையும் தாளைப் பார்த்துப் பிரித்தறிய இனி வழியில்லை.