சத்தமில்லா வில்லும் செவியேற்கும் இறைவனும்

கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் சமயம், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஸலாம் கூறி நெருங்கினார். ஏறக்குறைய நம் வயதுதான் இருக்கும். "ஹஜ்ரத்! வில்லால் வேட்டையாடுவது ஹலால்தானே?" என்று கேட்டார். "அதற்குரிய நிபந்தனைகளோடு ஹலால்" என்றோம்.

உடனே கைப்பேசியை எடுத்துக் காம்பவுண்ட் வில் படங்கள் சிலவற்றைக் காட்டினார். "இதில் எதை நம்பி வாங்கலாம் என்று பார்க்கிறேன். துப்பாக்கி என்றால் மலையெல்லாம் கேட்கும். இது சத்தமே போடாதாம். மகனுக்குச் சுன்னத் கலியாணம் வைத்திருக்கிறேன். ஒரு கடமான் கிடைத்தால் போதும். உங்கள் வீட்டுக்கும் பங்கு வரும், ஹஜ்ரத்" என்றார்.

முதற் கேள்விக்கு எளிதாக விடையளித்துவிட்ட நாம், இந்தக் கடைசி வார்த்தைகளிலே சற்று நின்றுவிட்டோம். அவருக்குச் சொன்னதை மற்றவர்களும் அறிய வேண்டும் என்றே இங்கு எழுதுகிறோம்.

அன்பர்களே! வில்லாற்றல் நம் மார்க்கத்தில் உயர்வாகப் பேசப்பட்ட ஒன்று. எதிரிகளுக்காக இயன்ற பலத்தைத் தயார் செய்யுமாறு அன்ஃபால் சூராவின் 60வது ஆயத் கூறுகிறது. அந்தப் பலம் அம்பெய்தலே என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை விளக்கியதை உக்பத்துப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அம்பால் வேட்டையாடும் முறையையும் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்பித்தார்கள். பிஸ்மில்லாஹ் கூறி எய்ய வேண்டும். அம்பின் கூர் பாய்ந்து பிராணி இறந்திருக்க வேண்டும். அம்பு குறுக்காக மோதி அந்த அடியால் இறந்தால் அது கூடாது. தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தாலும் உண்ணக் கூடாது. உயிரோடு கையில் கிடைத்தால் அறுத்தே ஆக வேண்டும்.

சரி, அந்தச் சகோதரர் காட்டிய வில் எத்தகையது? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் என்பவர் 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வில்லின் இரு முனைகளிலும் கப்பிகள் உண்டு. நாணை முழுவதும் இழுத்தபின் கையில் தாங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே கை நடுங்காமல் குறி பார்க்கலாம். எய்பவரின் கை நீளத்துக்கும் வலுவுக்கும் பொருந்துவதே நம்பத் தகுந்த வில். நாணுக்கு மெழுகு பூசிப் பேண வேண்டும். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால் வில்லே முறிந்து போகக் கூடும்.

சத்தத்தின் சங்கதியையும் கேளுங்கள். அம்பை விட ஓசை வேகமானது. 90 அடி தூரத்தை நாணின் ஓசை ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். அம்புக்கோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். ஓசை கேட்டு மான் துள்ளினால் அம்பு வயிற்றிலோ தொடையிலோ தைக்கும். அது நாள் கணக்கில் துடித்துச் சாகும். ஆகவேதான் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் நாணில் ரப்பர் துண்டுகள் கட்டியும், கனமான அம்பைத் தேர்ந்தும் ஓசையைக் குறைக்கிறார்கள். எல்லாவற்றிலும் இஹ்ஸானை விதித்து, அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கச் சொன்ன மார்க்கம் இதை வெறுக்காது. பிராணி வதைபடாமல் இருக்கத் தேடும் மௌனம் அது.

ஆனால் நம் சகோதரர் தேடிய மௌனம் வேறு. மான் கேட்கக் கூடாது என்று அவர் கவலைப்படவில்லை. வனக் காவலர் கேட்கக் கூடாது என்றே கவலைப்பட்டார்!

இந்தியாவில் 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் வைக்கவில்லை. நம் கண்ணெதிரே நிற்கும் மேகமலை 2009ல் வனவிலங்குச் சரணாலயமாகி, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே துப்பாக்கியும் குற்றம், வில்லும் குற்றம். "அல்லாஹ் ஹலாலாக்கியதைச் சர்க்கார் தடுக்கலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வேட்டை ஆகுமான காரியமேயன்றிக் கடமையன்று. அதை விடுவதால் தீனில் ஒன்றும் குறைந்துவிடாது. மாயிதா சூராவின் முதல் ஆயத்தைப் பாருங்கள்! ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையும், இஹ்ராமில் வேட்டையை ஆகுமாக்கிக் கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அந்த ஒரே ஆயத்தில் இருக்கின்றன. மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டுவதற்குக் கூட அனுமதியில்லை. வேட்டைக்குக் காலமும் இடமும் வரையறுப்பது நமக்குப் புதியதன்று. இந்நாட்டில் குடிகளாக வாழ்வதும் ஓர் உடன்படிக்கையே. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் பொது. அக்காடு எல்லோருடைய அமானத்தாகும்.

"பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே எய்கிறேன்?" என்றார் அவர். இறைச்சியின் சட்டம் வேறு, செயலின் சட்டம் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கக் கூடாது. அல்லாஹ்வின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, அவன் அடியார்கள் கேளாதபடி நாணை இழுப்பது என்ன நியாயம்?

அதே மாயிதா சூராவின் 94வது ஆயத், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் வேட்டையைக் கொண்டு அல்லாஹ் முஃமின்களைச் சோதிப்பான் என்கிறது. மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படவே அச்சோதனை. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமுடன் இருந்த ஸஹாபாக்களின் கூடாரங்களருகே வேட்டைப் பிராணிகள் தாமாகவே வந்தன என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம். எட்டாத மானை விடுவதில் என்ன தக்வா இருக்கிறது? எட்டும்போது, யாரும் பாராதபோது விடுவதே தக்வா. அன்று ஈட்டி எட்டியது. இன்று சத்தமில்லா வில் எட்டுகிறது. சோதனை ஒன்றுதான்.

வில் வாங்குவதை நாம் தடுக்கவில்லை. பலகையில் குறி வைத்துப் பழகட்டும், பிள்ளைகளுக்கும் கற்றுத் தரட்டும். 2023ல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியரே வென்றனர். 2028 ஒலிம்பிக்கிலும் அவ்வில் இடம் பெறுகிறது. காட்டுப் பன்றி தோட்டத்தை அழித்தால் வனத்துறையிடம் மனுச் செய்து இழப்பீடு கேட்கலாம். விருந்துக்கோ, சந்தையில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் கேட்ட சகோதரர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்படியானால் ஆட்டுக்கறிதான், ஹஜ்ரத். அதற்காவது வருவீர்களா?" என்றார். "இன்ஷா அல்லாஹ், முதல் ஆளாக வருவோம்" என்றோம்.

சகோதரர்களே! சத்தம் போடாத வில்லைக் கம்பெனிக்காரன் செய்து தரலாம். அல்லாஹ் அஸ்ஸமீஉ, யாவற்றையும் செவியுறுபவன். அவன் கேளாத வில்லை எவரும் செய்ய முடியாது. மறைவிலும் அவனை அஞ்சி நடக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.