யாருமே வரவில்லையே, ஏன்?

 

படுத்த படுக்கையாய்க் கிடக்கிற வியாதியஸ்தரை வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கிற ஒரு தொண்டு நிறுவனத்தார் என்னிடம் வந்து, "ஐயா, எங்களுக்கு ஆள் போதலை. சபையாருக்கு ஒரு வேண்டுகோள் எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். எனக்கு எழுதுகிறதா கஷ்டம்? நியாயத்தீர்ப்பு, புதைத்துவைத்த தாலந்து, கணக்கு ஒப்புவிக்கிற நாள் எல்லாவற்றையும் போட்டுப் பக்கம் நிறைய எழுதினேன். பதினான்கு பேர் கை தூக்கினார்கள். இரண்டாம் மாதம் மூன்று பேர்தான் மிச்சம். பயந்து வந்தவர்கள் பயம் தெளிந்ததும் போய்விட்டார்கள்!

செவ்வாய்க்கிழமை தலைவாரிவிட வருகிறேன் என்று சொன்ன சகோதரிக்காக ஒரு வயதான தாயார் பொழுது சாயுமட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கேட்டபோது என் இருதயத்தில் குத்திற்று. அந்த ராத்திரிதான் நெகேமியாவைத் திறந்தேன்.

கவனித்தீர்களா? அவன் ஜனங்களைக் கூப்பிடுமுன்னே இராத்திரியில் எழுந்து, இடிந்த அலங்கத்தைத் தானே சுற்றிப் பார்த்தான். நானோ ஒரு வீட்டுப் படியும் ஏறாமலே எழுதியிருந்தேன். அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் ஜனங்களை அழைத்தான். தேவனுடைய கரம் தன்மேல் இருந்ததையும், ராஜா சொன்னதையும் அறிவித்தான். வேலை நடக்கும் என்ற நிச்சயம் ஜனங்களுக்கு வந்தது. 3-ம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிறோமே, அதை வாசித்துப் பாருங்கள். தட்டான் கட்டுகிறான், தைலக்காரன் கட்டுகிறான், சல்லூம் தன் குமாரத்திகளோடு நிற்கிறான். அநேகர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். தெக்கோவாவின் பிரபுக்கள் வரவில்லை; அவர்களுக்காக வேலை நிற்கவும் இல்லை. 52 நாளில் அலங்கம் முடிந்தது. அல்லேலூயா!

கேரளத்திலும் அப்படியே. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கின வலிதணிப்புப் பணி பிற்பாடு ஊர் ஊராய்ப் பரவினபோது, வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்து நோயாளிக்குக் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். ஒத்துக்கொண்டவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அளவு தெரிந்தால் மனுஷன் துணிவான்.

மூன்று வாரம் நானே கூடப் போனேன். புண் கழுவத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், ஒரு பெரியவருக்கு நகம் வெட்டினேன். அதன்பிறகு ஒரு கார்டு அளவில் எழுதினேன்: "செவ்வாய், மாலை 4 முதல் 6 வரை. ஒரு தாயாருக்குத் தலைவாரி, கஞ்சி கொடுத்து, பேச்சுத்துணையாய் இருக்கவேண்டும். நாற்றம் இருக்கும். நானும் வருகிறேன். முடியாதவர்கள் முடியாது என்று சொல்லலாம், கோபிக்கமாட்டேன்." அதை மேடையில் வாசிக்காமல் கையிலே கொடுத்தேன். தையல் வேலை செய்கிற ஒரு சகோதரி, "இவ்வளவுதானா பாஸ்டர்? இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

அவளோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் இன்றைக்கும் போகிறார்கள்.

வியாழக்கிழமை மாலைக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கிற ஒரு சகோதரன், 4 முதல் 6 வரை. தூக்கி உட்காரவைக்கப் பலமுள்ள ஒருவர் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலண்டையில் நிற்பேன்.