இளமையும் புகழும்

ஒரு வாலிபனுக்குத் திறமை இருக்கிறது என்று தெரிந்தவுடன், "பக்குவம் இருக்கிறதா?" என்று ஊரார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அவனைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும், அதைப் படித்துவிட்டுக் கடை வாசலில் நின்று பேசுகிற நமக்கும் பக்குவம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறோம்.

நமது ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே செந்தோசாத் தீவில், 2024-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி, சென்னை வாலிபர் குகேஷ் சீன தேசத்து டிங் லிரனை வென்று சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. முன்பு 1985-ல் காஸ்பரோவ் 22 வயதில் வென்றதே பேரதிசயமாகப் பேசப்பட்டது. (சதுரங்கம் ஆடலாமா என்பது மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமையுள்ள விஷயம். அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். நாம் பேசுவது மனிதனைப் பற்றி.)

பதின்மூன்று ஆட்டங்கள் வரை இருவரும் சமம். பதினான்காவதில் டிங் ஒரு பிழை செய்தார், பட்டம் கைமாறியது. குகேஷ் அழுதார். பிறகு கலைந்து கிடந்த காய்களை அதனதன் கட்டத்தில் ஒழுங்காக எடுத்து வைத்தார். தோற்றவர் உண்மையான சாம்பியனாகப் போராடினார் என்று புகழ்ந்தார். பட்டம் பெற்றதனால் உலகிலேயே சிறந்தவன் தான் என்று ஆகிவிடாது, கார்ல்சன் இருக்கிறார் என்றும் ஒப்புக்கொண்டார்.

வாலிபர் இவ்விதம் நின்றார். மற்றவர்கள் எவ்விதம் நின்றார்கள்? ஒரு பக்கம் வானளாவிய புகழ்ச்சி. அவர் தமிழரா தெலுங்கரா என்று ஒரு சண்டை. இன்னொரு பக்கம், இத்துடன் சதுரங்கமே முடிந்தது என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கின் கசப்பு. 2025 ஜூன் மாதம் நார்வேயில் குகேஷ் கார்ல்சனை வென்றார். கார்ல்சன் மேஜையைக் குத்திய காட்சி உலகமெல்லாம் சுற்றியது. அதே வருஷம் செப்டம்பரில் சமர்கந்தில் அவர் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றார். உடனே, பட்டம் அதிர்ஷ்டத்தால் வந்ததோ என்ற பேச்சு எழுந்தது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. சரக்கு மட்டும் அதேதான்! வியாபாரத்தில் இப்படிச் செய்பவனை நாம் என்னவென்று சொல்வோம்?

பத்திரிகைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நமது கடையில் ஒரு பையன் இருந்தான், கணக்கில் சூரன். "இவன் பெரிய முதலாளியாவான்" என்று வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே சொல்லி வந்தோம். ஒரு நாள் அரிசி மூட்டைக் கணக்கில் தவறு செய்தான். அதே வாடிக்கைக்காரர்கள் எதிரில் கடிந்து கொண்டோம். அவன் பதில் பேசவில்லை. ஆனால் அன்று முதல் தவறு நேர்ந்தால் மறைக்கத் தொடங்கினான். சில மாதங்களில் விலகியும் போனான். வெகு நாள் அவனையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். நாம் சூட்டிய பெயரைக் காப்பாற்றத்தான் அவன் மறைத்தான் என்பது பிறகுதான் புரிந்தது. தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வதல்லவா பக்குவம்? அதற்கு அவனுக்கு நாம் இடமே வைக்கவில்லை.

இனி, நம் முன்னோர்களைப் பாருங்கள். ஹஜ்ரத் உஸாமா (ரலி) இளம் வயதில் ஒரு போரில், கலிமா சொன்ன மனிதரை, உயிருக்குப் பயந்து சொன்னதாக எண்ணி வெட்டிவிட்டார்கள். தமக்கு மிகவும் பிரியமானவராயிற்றே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுவிடவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அன்றுதான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்கு அது உறைத்தது. ஆனால் அந்தப் பிழைக்காக அவர்களை ஒதுக்கிவிடவும் இல்லை. பின்னர் ஹிஜ்ரி 11-ல், இருபது வயதை ஒட்டிய அவர்களையே மூத்த ஸஹாபாக்கள் அடங்கிய படைக்குத் தளபதியாக்கினார்கள். வயதைச் சொல்லிச் சிலர் முணுமுணுத்தபோது, நோயுற்றிருந்த நிலையிலும் மிம்பரில் ஏறி, அவர் தகுதியானவரே என்று அறிவித்தார்கள். பிறகு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், உஸாமா குதிரைமீதிருக்கத் தாம் நடந்து சென்று படையை வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திக்கொள்ள அந்த வாலிபரிடமே அனுமதியும் கேட்டார்கள்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தவறு நேர்ந்தபோது முகத்துக்கு நேரே கண்டிப்பு. பிறர் தூற்றும்போது பலரறிய ஆதரவு. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். ஜெயித்த நாளில் முகத்துக்கு நேரே துதிக்கிறோம். தோற்ற நாளில் முதுகுக்குப் பின்னால் ஏசுகிறோம். முகத்துக்கு நேரே புகழ்வது சகோதரனின் கழுத்தை அறுப்பதற்கு ஒப்பாகும் என்ற நபிமொழியின் கருத்தை மதரஸாவில் ஓதினோம். கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டோம்.

ஆகையால் சகோதரர்களே! நம் வீட்டிலும் கடையிலும் திறமையுள்ள பிள்ளை ஒன்று இருந்தால், அதன் வெற்றியை விளம்பரப் பலகையாக்காதீர்கள். பிழையைத் தனியே சொல்லுங்கள். பிறர் பழிக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். பக்குவம் அதற்குத் தானே வரும், இன்ஷா அல்லாஹ். அதற்குமுன் நமக்கு அதைத் தந்தருளுமாறு வல்ல அல்லாஹ்விடம் துஆச் செய்வோமாக. ஆமீன்.