பன்னிரண்டு வெள்ளி

வாரக்கணக்கு எழுதுவது எப்படி என்று ஓர் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. தப்பு வேறு இடத்தில் நடந்தது.

கட்டுமான வேலை செய்கிறவர். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். பொங்கோலில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் பழக்கமானார். "பத்து தேதிக்கு மேல கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது தம்பி. எங்க போகுதுன்னே தெரியல. நீங்க படிச்சவங்க, ஒரு வழி சொல்லுங்க" என்றார். உள்ளூர எனக்கு ஒரு பெருமை. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வழி எளிமையானது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, செலவு தினமும் வருகிறது. மாதம் முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஒருநாள் செலவைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. வாரம்தான் கைக்கு அடக்கமான அளவு. சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்புவது, இங்கே வர வாங்கிய கடனின் தவணை, சாப்பாட்டுக்காசு, போன் டாப்-அப் எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். மிச்சத்தை நான்கால் வகுக்கக் கூடாது. அந்த மாதத்தில் எத்தனை ஞாயிறோ அத்தனையால் வகுக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் கடைசி வாரம் துண்டு விழும். வாரத்துக்கு ஓர் உறை. அந்தந்த ஞாயிறு அந்தந்த உறையைத்தான் பிரிக்கணும். செலவை அன்றன்றே எழுதி, வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான்.

அண்ணன் கையில் நின்றது 180 வெள்ளி. ஐந்து ஞாயிறு. வாரத்துக்கு 36.

இரண்டு வாரம் கழித்து நோட்டை விரித்து உட்கார்ந்தோம். நான் ஏற்கெனவே இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தேன்: தேவை, ஆசை. சோப்பு, பிளேடு, தலைவலித் தைலம் தேவைக்குள் போயின. ‘இதர – 5’ என்று ஒரு வரி இருந்தது, சின்னத் தொகை என்று விட்டுவிட்டேன். அடுத்த வரி: ‘ஞாயிறு தேக்கா – 12’. பொங்கோலில் ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். போக வர ரயில், ஒரு புரோட்டா, தே, சில வாரம் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து. அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். "மூணுல ஒரு பங்கு இதுக்கே போகுதுண்ணே." அவர் தலையாட்டினார்.

மூன்று ஞாயிறு அவர் தேக்காவுக்குப் போகவில்லை. 36 வெள்ளி மிச்சம், முழுசாக ஒரு வாரத்துக் காசு. நான்காவது வாரம் கேட்டேன். "காசு நிக்குது தம்பி. ஆனா மூணு வாரமா யார்கூடயும் மனசு விட்டுப் பேசல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அன்று இரவு என் சொந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே மாதம் 28 வெள்ளிக்கு ஒரு நாவல் வாங்கியிருக்கிறேன். ‘தேவை’ பத்தியில் இருந்தது. யார் அங்கே போட்டது? நான்தான். யாரும் வட்டமிடவில்லை.

தேவை, ஆசை என்று பிரிப்பது நான் கண்டுபிடித்ததல்ல. எலிசபெத் வாரனும் அவருடைய மகளும் 2005இல் எழுதிய புத்தகத்தால் பரவிய 50-30-20 சூத்திரமும் அதைத்தான் செய்கிறது: பாதி தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. சூத்திரத்தில் பிழையில்லை. ஆனால் எது எந்தப் பத்தியில் போகும் என்பதை எண்கள் சொல்லாது. அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பைக் கணக்கு மாதிரி சொல்லிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

சிங்கப்பூரிலேயே இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் உண்டு. இங் கொக் ஹோ, தியோ யூ யென் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அடிப்படை வாழ்க்கைக்கு என்ன வேண்டும் என்பதை நிபுணர்கள் தீர்மானிக்கவில்லை. சாதாரண மக்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் ஒத்துக்கொண்ட பட்டியலுக்கு விலை போட்டார்கள். தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று வந்தது. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் சொன்ன விளக்கம்: வீடும் சோறும் துணியும் மட்டும் அடிப்படை அல்ல, ஓர் இடத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வும், மரியாதையும், நாலு பேரோடு கலந்துகொள்ளும் வாய்ப்பும் அடிப்படைதான். நான் ஆசை என்று வட்டமிட்டதை அவர்கள் தேவை என்று எழுதியிருந்தார்கள்.

இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. தேக்கா நண்பர்கள்தான் அண்ணனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காசு திரட்டிக் கொடுத்தவர்கள். ஆகவே 12 வெள்ளி ஒரு காப்பீடு என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் அப்படி நியாயப்படுத்தினால், பலன் தந்தால்தான் நட்பு தேவை என்றாகிவிடும். யாரும் காசு திரட்டாமல் இருந்திருந்தாலும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

அப்படியானால் யாரும் எதையும் தேவை என்று சொல்லிக்கொள்ளலாமா? கடனுக்கு வட்டி ஏறுகிறதே? சரியான கேள்வி. இதற்கு வள்ளுவரிடம் ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். வருமானம் சிறிதாக இருந்தாலும் கேடில்லை, செலவு அதைவிட அகலமாகாதவரை என்கிற குறளைப் பொருள்செயல்வகையில் தேடினால் கிடைக்காது. வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். தன் பலம் எவ்வளவு என்று தானே அறிவது பற்றிய பேச்சு அது. செலவின் அகலத்தைத்தான் அளக்கச் சொல்கிறார். அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கூட்டல் எல்லோருக்கும் பொது. நானும் செய்து காட்டலாம். பத்திக்குப் பெயர் வைப்பது செலவு செய்கிறவரின் வேலை.

காந்தி 1888 முதல் 1891 வரை லண்டனில் படித்தபோது பஸ் கட்டணம், தபால்தலை வரை ஒவ்வொரு செலவையும் எழுதி, தூங்குமுன் கணக்கை முடித்தார். அந்தக் கணக்கால் அவர் குறைத்தது தன் செலவை. அதே காந்தி 1929இல், யாரோ கொடுத்த நான்கு ரூபாயைக் கஸ்தூர்பா ஆசிரமத்தில் சேர்க்காமல் வைத்திருந்ததை ‘நவஜீவன்’ பத்திரிகையிலேயே எழுதினார். ஆசிரம விதி விதிதான். ஆனாலும் முதல் காந்தியிடம் எனக்கு இருக்கும் மரியாதை, இரண்டாவது இடத்தில் தடுமாறுகிறது. தன்மேல் திருப்பிய கணக்கு ஒழுக்கம். அடுத்தவர்மேல் திருப்பும்போது அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

அடுத்த ஞாயிறு அண்ணனிடம் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுத்து, "தலைப்பு நீங்களே போடுங்கண்ணே" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து ‘வீட்டுக்கு’, ‘உடம்புக்கு’, ‘எனக்கு’ என்று மூன்று எழுதினார். தேக்கா ‘எனக்கு’க்குள் போனது. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: ‘வீண்’. பழைய ‘இதர – 5’ அதற்குள் வந்தது.

"அது ஃபோர்-டி நம்பர் எழுதுற காசு தம்பி. அப்ப எழுத வெக்கமா இருந்துச்சு."

என் இரண்டு பத்திக்குப் பயந்து நோட்டு பொய் சொல்லியிருக்கிறது. போன வாரம் அந்த வரியில் 2 வெள்ளி இருந்தது. நான் வட்டம் போடவில்லை.