ஆட்டமும் அரங்கும்: பழைய கணினி விளையாட்டுகளைப் பேணும் அறம் பற்றி

மனிதன் ஆக்கிய பொருள்கள் இருவகையாக அழிகின்றன. சில தாமே சிதைந்து அழிகின்றன. ஓலை இற்றுப்போவதும் சுவர் இடிந்து வீழ்வதும் இவ்வகையின. வேறு சில, தம்மளவில் எவ்விதச் சிதைவுமின்றி முழுமையாக இருக்கவும், தாம் நிலைகொண்டிருந்த தளம் அகற்றப்படுவதனால் பயனற்றுப் போகின்றன. இவ்விரண்டாம் வகை அழிவு நம் காலத்துக்குச் சிறப்பாக உரியது. பழைய கணினி விளையாட்டுகள் அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்குத் தான் வழங்கிவந்த வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11 குறித்த சில வன்பொருள் வசதிகளை வேண்டி நிற்பதால், நன்கு இயங்கும் கணினிகள் பலவற்றில் அதனை முறைப்படி நிறுவ இயலாது. குறையொன்றுமில்லாத கணினியைக் கைவிட மனமில்லாதோர் சிலர் லினக்ஸுக்கு மாறுகின்றனர். அவ்வாறு மாறுவோரின் கடிதங்களும் படங்களும் கணக்குகளும் பெரும்பாலும் இடரின்றி உடன் வந்துவிடுகின்றன. பழைய விளையாட்டுகளே வர மறுக்கின்றன. இது வெறும் தொழினுட்பச் சிக்கல்தானே, இதில் மெய்யியலுக்கு என்ன வேலை என்று வினவலாம். வேலை உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவை வர மறுப்பதன் காரணத்தை நோக்குவோம். கடிதம் என்பது தரவு. விளையாட்டு என்பது செய்நிரல். செய்நிரல் தனித்து நிற்பதன்று. திரையில் ஓர் உருவை வரைவதற்கும், ஒலி எழுப்புவதற்கும், கோப்பொன்றைத் திறப்பதற்கும் அது பணிசெயல் முறைமையை நோக்கி வேண்டுகோள் விடுக்கின்றது. விண்டோஸை நோக்கி எழுதப்பட்ட வேண்டுகோள் லினக்ஸுக்கு விளங்காது. இவ்விடரைக் கடப்பதற்கு மூன்று வழிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்று, இடையில் மொழிபெயர்ப்பாளன் ஒருவனை நிறுத்துவது. 1993இல் தொடங்கப்பட்ட வைன் எனும் மென்பொருள் அவ்வாறே விண்டோஸ் வேண்டுகோள்களை லினக்ஸுக்கு விளங்குமாறு மாற்றித் தருகின்றது. மற்றையது, பழைய இயந்திரம் முழுவதையும் மென்பொருளால் போலச்செய்து, அதனுள் விளையாட்டை இயக்குவது. 2002இல் முதன்முதலாக வெளிவந்த டொஸ்பொக்ஸ் இவ்வழியைப் பின்பற்றுகின்றது. இன்னொன்று, விளையாட்டின் தரவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை வாசித்து நடத்தும் இயந்திரப் பகுதியை மாத்திரம் புதிதாக எழுதுவது. 1987இல் வெளியான மேனியாக் மான்ஷன் முதலிய விளையாட்டுகள் 2001இல் தோன்றிய ஸ்கம்விஎம் வாயிலாக இன்றும் இயங்குவது இம்மூன்றாம் வழியினாலாகும்.

இம்மூன்று வழிகளிலும் இயங்குவது பழைய விளையாட்டுத்தானா என்பது அடுத்து எழும் வினா. புளூட்டாக் எழுதிவைத்த தீசியஸின் கப்பலை மெய்யியல் மாணவர் அறிவர். பழுதுற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தால், இறுதியில் நிற்பது அதே கப்பலா? 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கடினமாக்கினார். கழற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாக்கினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்றார் அவர். அருங்காட்சியகத்தில் திருத்திவைக்கப்பட்ட பழைய கணினியில் ஓடும் விளையாட்டு, ஹொப்ஸ் கூறிய பழைய பலகைக் கப்பலை ஒத்தது. லினக்ஸில் ஓடும் விளையாட்டு, பலகை மாற்றப்பட்ட கப்பலை ஒத்தது.

ஆயினும் கப்பல் உவமை ஓரளவுக்கே பொருந்தும். கப்பல் கட்டப்பட்டு நிற்கும் பொருள். விளையாட்டோ ஒவ்வொரு முறையும் நிகழ்த்தப்பட வேண்டியது. தட்டில் உறங்கும்போது அது விளையாட்டன்று. விளையாட்டாகும் ஆற்றல் மாத்திரமே. எனவே அதற்குப் பொருத்தமான ஒப்பீட்டைப் பொருள்களிடையே அன்றி ஆற்றுகைக் கலைகளிடையே தேடுதல் தகும். இங்கு நமது பல்கலைக்கழக வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன அவ்வாறு மேடையேறியவை. களரி மாறியது, நேரம் சுருங்கியது, பார்வையாளர் சுற்றியிருந்த நிலை மாறி எதிரே அமர்ந்தனர். இது கூத்துத்தானா என்ற வினா அன்று எழுந்தது நியாயமே. எனினும் வினாவுக்கு விடை தேடியோர், 'மரத்தட்டி மேடை அதுவேயா?' என்று பார்க்கவில்லை. தாளமும் ஆட்டமும் அவற்றுக்கிடையேயுள்ள உறவும் காக்கப்பட்டனவா என்றே பார்த்தனர்.

விளையாட்டுக்கும் இதுவே அளவுகோல் என்பது என் கருத்து. அதன் தாளம் வேகம். அதன் ஆட்டம் ஆடுபவனின் செயலுக்கு அது தரும் மறுமொழி. 1981இல் வெளியான ஐ.பி.எம். தனியாள் கணினியின் முறைவழியாக்கி 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. அக்காலத்து விளையாட்டுகள் சில அவ்வேகத்தையே தம் கடிகாரமாகக் கொண்டிருந்தன. விரைவான கணினிகள் வந்தபோது அவை கட்டுமீறி ஓடின. வேகத்தைக் குறைப்பதற்கென்றே பிற்காலக் கணினிகள் பலவற்றில் 'டேர்போ' எனும் பொத்தான் அமைந்தது. டொஸ்பொக்ஸில் வேகத்தை வரையறுக்கும் ஏற்பாடு இருப்பதும் இதன் பொருட்டே. அவ்வாறே, 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தை அக்காலத் திரைகள் 4:3 விகிதத்துக்கு நீட்டிக் காட்டின. இன்றைய திரையில் அதனைச் சதுரப் புள்ளிகளாக இட்டால், ஓவியன் வட்டமாக எண்ணி வரைந்தது தட்டையாகத் தோன்றும். இத்தகைய சிறு பிழைகளும் பொருட்படுத்தத்தக்கவை. விதி ஒன்றாகவே இருப்பினும், ஆடுபவன் மறுமொழி கூறவியலாத வேகத்தில் அது நிகழுமாயின் அங்கு நடப்பது வேறொரு விளையாட்டு. மறுபுறத்தில், வேகமும் உருவும் மறுமொழியும் பழையபடி அமையுமாயின், அடியில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்பது பொருட்டன்று. ஆடுபவனிடம் விளையாட்டு எதனைக் கோரியதோ அதனையே இன்றும் கோருமாயின் அது அதே விளையாட்டே.

இவ்வாறு கொள்வதனால் அறம் பற்றிய வினா கூர்மையடைகின்றது. விளையாட்டு என்பது நிகழ்த்தப்படும் ஆற்றல் எனின், அதனை விற்பவர் விற்பதும் அவ்வாற்றலையே. பின்னர் அவ்வாற்றலை மறிக்கும் பூட்டு ஒன்று அதனுள் இருக்குமாயின் யாது செய்வது?

என் அனுபவம் ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும். 2002ஆம் ஆண்டில் என் தமையனார் தமது முதற் சம்பளத்தில் விளையாட்டு ஒன்றின் மூலத் தட்டைக் கொழும்பில் வாங்கினார். அதே விளையாட்டின் களவுப் பிரதி நடைபாதையில் மிக மலிவாகக் கிடைத்தது. பிறர் உழைப்பைக் களவெடுத்து விளையாடலாகாது என்பது அவரது கொள்கை. வீட்டிலுள்ளோர் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றனர். அண்மையில் என் கணினியை லினக்ஸுக்கு மாற்றியபின், அவர் விடுமுறையில் வந்திருந்த வேளை, அத்தட்டை இட்டுப் பார்த்தேன். விளையாட்டு தொடங்குமுன்னரே அதன் பூட்டு மறித்தது. வெளியீட்டாளருக்கு எழுதினேன், அவ்விளையாட்டுக்கு இப்போது ஆதரவு இல்லை என்று பதில் வந்தது. அயலவர் ஒருவரிடமிருந்த களவுப் பிரதி, பூட்டு முன்னரே நீக்கப்பட்டதாகையால், ஒரு நிமிடத்தில் ஓடியது. தமையனார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் காசு குடுத்து வாங்கினதுதான் பிழையோ?" என்று கேட்டார். என்னால் உடனே விடை கூற முடியவில்லை.

இத்தகைய பூட்டுகள் இயங்கும் முறை அறியத்தக்கது. தட்டிலுள்ள மறைவான அடையாளங்களைச் சோதிப்பதற்கு அவற்றுட் சில, பணிசெயல் முறைமையின் ஆழத்தில் அமரும் இயக்கி ஒன்றை நிறுவின. வைன் போன்ற மொழிபெயர்ப்பாளரால் அவையெல்லாவற்றையும் சமாளிக்க இயலாது. அன்றியும் 2015இல் விண்டோஸ் 10 வெளியானபோது, சேப்டிஸ்க் முதலிய பழைய பூட்டுகளைப் பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸே ஏற்க மறுத்தது. எனவே குற்றம் தளம் மாறியவனுடையது எனல் பொருந்தாது. மாறாது அங்கேயே இருந்திருப்பினும் கதவு மூடியே இருந்திருக்கும்.

தான் வாங்கிய விளையாட்டின் பூட்டைத் தானே நீக்குவது களவாகுமா? பல நாடுகளின் சட்டம், 1998இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டம் உட்பட, பூட்டை மீறுவதையே ஒரு குற்றமாக வகுத்துள்ளது. ஆயினும் சட்டத்தால் விலக்கப்பட்டதும் அறத்தால் விலக்கப்பட்டதும் எப்போதும் ஒன்றல்ல. களவு தீயதாவது, ஒருவருக்கு உரியதை அவர் இழக்குமாறு செய்வதனால். தன் பெட்டியின் பூட்டைத் திறப்பவன் எவருடைய பொருளையும் இழக்கச் செய்வதில்லை. இதற்கு வலிமையான மறுப்பொன்று உண்டு. ஒவ்வொருவரும் தத்தமக்கு நீதிபதியாயின், நேர்மையாளன் காட்டும் நியாயத்தையே கள்வனும் காட்டுவான். ஆக்கியோனின் உழைப்புக்குக் காப்பு இல்லாது போகும். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. விளையாட்டை ஆக்கியோரும் உழைப்பாளரே. ஆகையால் மூன்று எல்லைகள் வேண்டும். பொருளை விலைகொடுத்துப் பெற்றிருத்தல். அதனை இயக்கும் வழியை விற்றவர் கைவிட்டிருத்தல். திறந்ததைப் பிறருக்கு வழங்காதிருத்தல். இம்மூன்றினுள் நின்று செய்வதைக் களவென எந்த அறநூலாரும் கூறார் என்றே எண்ணுகிறேன்.

ஆயின் இம்மூன்றாவது எல்லையே நம்மை மேலும் சிந்திக்க வைக்கின்றது. பிறருக்கு வழங்காது நான் பேணும் விளையாட்டு என்னோடு முடிந்துவிடும். தனியொருவனின் அறம் அவனது வாழ்நாளுக்கு அப்பால் செல்லாது. அதற்கு அப்பால் பேணுவது நூலகங்களின் பணி. 2023இல் வெளியான ஆய்வொன்று, ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 வீதமானவை விற்பனையில் இல்லை எனக் காட்டியது. அவற்றை ஆய்வாளர் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் இடமளிப்பதற்கு விலக்கு வேண்டுமென்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் ஏற்க மறுத்தது. மக்கள் அவற்றைப் பொழுதுபோக்காக விளையாடிவிடுவர் என்பது எதிர்த்தோரின் அச்சம். விற்பனையில் இல்லாத ஒன்றை ஒருவர் இன்புற்று விளையாடுவதால் எவருக்கு என்ன இழப்பு என்பதே இங்கு கேட்கத்தக்க கேள்வி.

விளையாட்டுத்தானே, அழிந்தால் அழியட்டும் எனக் கூறுவோரும் உளர். கூத்தையும் ஒரு காலத்தில் கற்றோர் பாமரர் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கினர். ஒரு காலத்து மக்கள் எதனை வேடிக்கை எனக் கொண்டனர், எவ்விதி நியாயமானது என எண்ணினர், தோல்வியை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பனவற்றை அவர்தம் விளையாட்டுகள் பதிந்து வைத்துள்ளன. எதிர்கால ஆய்வாளன் வேண்டுவதை இன்றைய அலட்சியத்தால் நாம் தீர்மானித்தல் தகாது.

ஆக்கியோனின் நலனும் பேணுவோரின் நலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1993 டிசெம்பரில் ஐடி சொப்ட்வெயர் நிறுவனம் டூம் எனும் விளையாட்டை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளின் பின், 1997 டிசெம்பரில், அதன் மூலக் குறிமுறையை அந்நிறுவனமே வெளியிட்டது. டொஸ் வடிவத்தின் ஒலிப்பகுதி பிறருக்கு உரியதாயிருந்தமையால், லினக்ஸ் வடிவத்தின் குறிமுறை வழங்கப்பட்டது. 1999இல் அது கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. விளையாட்டின் படங்கள், ஒலிகள், அரங்க அமைப்புகள் ஆகியவற்றின் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. தொடர்ந்து விற்றும் வந்தது. அரங்கைப் பிறர் கட்டிக்கொள்ள விட்டு, ஆட்டத்தின் உரிமையைத் தான் வைத்துக்கொண்டது என இதனைக் கூறலாம். அதனால் எத்தளம் வரினும் டூம் அங்கு ஓடுகின்றது. பூட்டியவரே திறவுகோலையும் விட்டுச்செல்வது இயலும் என்பதை இது காட்டுகின்றது.

தொகுத்து நோக்கின், விளையாட்டின் அதேதன்மை அதன் தளத்திலன்று, அது ஆடுபவனிடம் கோருவதில் உள்ளது. எனவே தளம் மாறும்போது அதனைக் கொண்டுசெல்ல முயல்வது நியாயமான பேணுதலே. விற்றவர் அதனை இயக்கும் வழியைக் கைவிடும்போது பூட்டையும் நீக்கிச் செல்லக் கடமைப்பட்டவர். அக்கடமை தவறப்படுமிடத்து, வாங்கியவனுக்கு மேற்கூறிய எல்லைகளுள் உரிமை உண்டு. நூலகங்களுக்கு அதனிலும் விரிந்த உரிமை வேண்டும். அதனைச் சட்டமே வழங்க வேண்டும். நமது பல்கலைக்கழகங்களும் இது குறித்துச் சிந்திக்க வேண்டும். மாணவர் எழுதிய செய்நிரல்களும் ஆய்வுத் தரவுகளும் இதே வழியில் மௌனமாகி வருகின்றன.

தமையனாருக்கு நான் கூற வேண்டிய விடை இப்போது தெளிவாகின்றது. அவர் செய்தது பிழையன்று. அவர் தம் பங்கை நிறைவேற்றினார். நிறைவேறாதிருந்தது மறுபக்கத்து வாக்கு. அவரது தட்டிலிருந்தே பிரதியெடுத்து, பூட்டை நீக்கி, வேகத்தைச் சரிசெய்து, விளையாட்டை இயக்கிக் கொடுத்தேன். அயலவரின் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்றிரவு அவர் மூன்றாம் கட்டம் வரை சென்றார்.